மாமனார் இருமியபோது எடுத்த படம்

ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்துகொண்டு, யாரோ நம்மைப் பார்க்கிறார் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது ஒரு வித்தை. எனக்குச் சமையல் வந்தது, பருத்தி எடுக்க வந்தது, உதைக்கிற எருமையிடம் பால் கறக்கக்கூட வந்தது. இது மட்டும் கடைசிவரை வரவே இல்லை.

அப்போது எனக்குப் பதினேழு வயது இருக்கும். அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். சில மாதங்களிலேயே எங்கள் வீட்டுக்காரர் மில் வேலை பழகப் பம்பாய்க்குப் போய்விட்டார். அந்தச் சில மாதங்களிலும் பகலெல்லாம் அவர் தோட்டத்தில், நான் அடுப்படியில். நாலு பேர் இருக்கும்போது புருஷன் முகத்தைப் பார்த்தால் வெட்கங்கெட்டவள் என்று பேர் வந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு பார்க்கலாம் என்றால், சீமெண்ணெய் வீணாகிறதென்று அத்தை விளக்கை அணைத்துவிடுவார். (அத்தை என்றால் மாமியார். தங்கமான மனுஷி, எண்ணெய் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அப்படி.)

அவர் போன பிறகு கண்ணை மூடி அவர் முகத்தை நினைத்துப் பார்ப்பேன். மீசை வரும். மீசைக்கு மேலே ஒன்றும் வராது. எவ்வளவு முயன்றாலும் வராது. தாலி கட்டியவர் முகமே மறந்துபோன பெண் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்து அழுவேன்.

அந்தச் சமயத்தில்தான் பம்பாயில் அவரோடு தங்கியிருந்த பங்காளி ஒருவர் ஊருக்கு வந்தார். எனக்குக் கொழுந்தன் முறை. வாசலில் கட்டிலில் உட்கார்ந்து மாமனாரிடம் சொன்னார்:

"அண்ணன் ஊட்ல எல்லாத்தையும் படம் புடிச்சுக் குடுத்து உடச் சொன்னாருங்க, பெரீப்பா. தனித்தனியா எடுத்தா நல்லா இருக்குமுன்னாரு."

"தனித்தனியா எதுக்கு? பங்கு பிரிக்கறவனாட்டம் பேசறான்!" என்றார் மாமனார்.

"பம்பாயில அப்படித்தானுங்க எடுக்கறாங்க."

நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது, கொழுந்தனார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நங்கை," (அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) "மத்த படமெல்லாம் சும்மா பேருக்குத்தானுங்க. உங்க மொகத்த வெளிச்சத்துல பாத்ததே இல்லைன்னு அண்ணன் பொலம்பிக்கிட்டுக் கெடக்கறாரு. வெள்ளிக்கெழம நான் ரயிலேறோணும். அதுக்குள்ள எடுத்துப்போடுங்க."

அவருக்கும் மறந்துபோயிருக்கிறது! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அன்றே பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன். அவர் விட்டுப்போன சவரக் கண்ணாடி கிணற்றடித் தூணில் தொங்கியது. உள்ளங்கை அகலம்தான். கண்ணைப் பார்த்தால் வாய் தெரியாது, வாயைப் பார்த்தால் கண் தெரியாது. அதனால் முதலில் கண்ணுக்கு ஒரு சிரிப்பு, பிறகு வாய்க்கு ஒரு சிரிப்பு என்று தவணை முறையில் சிரித்துப் பழகினேன். எருமை அசை போடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது.

வியாழக்கிழமை சவாரி வண்டி பூட்டிக் கோயமுத்தூர் போனோம். அத்தை தன் நகையையும் சேர்த்து என் கழுத்தில் மாட்டிவிட்டார். "என்ர மருமவ கழுத்து மூளியாக் கெடக்குதுன்னு பம்பாயில ஒருத்தனும் சொல்லப்படாது" என்றார். தலையைத் திருப்பினால் உடம்பும் சேர்ந்து திரும்பியது.

பெரிய கடை வீதியில் ஒரு மாடியில் ஸ்டூடியோ. கூரையில் கண்ணாடி போட்டு வெயிலை உள்ளே விட்டிருந்தார்கள். பின்னால் தாமரைக் குளம் வரைந்த திரை, பக்கத்தில் ஒரு மரத்தூண், ஒரு நாற்காலி. படம் எடுப்பவர் கோட்டுப் போட்ட ஒல்லி மனிதர். முதலில் மாமனார் தடியை ஊன்றி உட்கார்ந்தார், வரப்புத் தகராறுக்குப் பஞ்சாயத்துச் சொல்ல வந்தவர் மாதிரி. ஒரே தடவையில் முடிந்தது. அத்தையும் அப்படியே. அப்புறம் என் முறை.

எடுத்து முடித்த மாமனார் போய் அத்தை பக்கத்தில் உட்கார வேண்டியதுதானே? நேராக வந்து கேமரா அருகில் நின்றுகொண்டார். "இந்தாளு கறுப்புத் துணிக்குள்ள பூந்துக்கிட்டு என்ன பண்றாருன்னு நாம் பாக்கோணுமில்ல?"

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னால்தான் என் கஷ்டம் புரியும். மருமகள் மாமனாருக்கு முன்னால் முழுசாக நிற்கக்கூடாது. நிலைப்படிக்குப் பின்னால் பாதி மறைந்துதான் நிற்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது அவர் வந்தால் சட்டென்று எழுந்துவிட வேண்டும். அவரும் மரியாதை தெரிந்தவர். வீட்டுக்குள் வருமுன் 'ம்ஹும்' என்று ஓர் இருமல் இருமி, பெண்களுக்குத் தகவல் கொடுத்துவிட்டுத்தான் வருவார். அதுவரைக்கும் அவரிடத்தில் நான் நன்றாகப் பார்த்தது அவருடைய செருப்பைத்தான்.

முதலில் என்னைத் தூணோரம் நிற்கவைத்தார்கள். துணிக்குள் போன படக்காரர் உடனே வெளியே வந்தார்.

"அம்மணியக் காணமுங்களே!"

நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். எப்போது போனேன் என்று எனக்கே தெரியாது.

மறைய இடமிருந்தால்தானே என்று நடுவில் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார். "பயப்படாதீங்கம்மணி. ஆடாம அசையாம, உங்க ஊட்ல இருக்கறாப்பல இயல்பா இருங்க" என்றார். மூடியை எடுத்தார். கேமராக் கண்ணுக்கு அந்த மூடியைத் திரும்பப் போடும்வரை அசையக்கூடாது. மாமனார் எட்டிப் பார்த்தார். நான் எங்கள் வீட்டில் இருக்கிற மாதிரியே இயல்பாக எழுந்து நின்றேன்.

மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். படக்காரர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். மேகம் வேறு கவியத் தொடங்கியது. படம் பதிகிற கண்ணாடித் தகடு இன்னும் ஒன்றுதான் மிச்சம் என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமாவைப் போகச் சொல்ல எனக்கு வாய் ஏது? நல்லவேளை, அத்தைக்கு விஷயம் பிடிபட்டது.

"ஏனுங்க, நீங்க செத்த அக்கட்டால போங்க. நீங்க நின்னுக்கிட்டிருந்தா புள்ள எப்படி ஒக்காருவா?"

மாமனார் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனார். நான் உட்கார்ந்தேன். கேமராவின் வட்டக் கண்ணாடியைப் பார்த்தேன். அதற்கு அந்தப் பக்கம் பம்பாயில் எங்கள் வீட்டுக்காரர் இருக்கிறார், என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பழகின சிரிப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை, தானாகவே ஒன்று வந்தது. 'இதுதாங்க நான், பார்த்துக்கோங்க' என்று மனசுக்குள் சொன்னேன். படக்காரர் மூடியை எடுத்தார்.

இந்நேரம் முடிந்திருக்கும் என்று மாமனார் படியேறி வந்தார். வந்தவர் மரியாதையாக ஓர் இருமல் இருமினார்.

நான் எழுந்துவிட்டேன்.

சாயங்காலம்வரை காத்திருந்து வாங்கிய படத்தில் நாற்காலி துல்லியமாக விழுந்திருந்தது. அதன் பூ வேலைப்பாட்டைக்கூட எண்ணலாம். அத்தையின் நகையெல்லாம் கோடு கோடாக இழுபட்டிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அடுப்புப் புகை மாதிரி ஒன்று. "இன்னொரு நாளைக்கு வாங்க, சும்மாவே எடுத்துத் தாரேன்" என்றார் படக்காரர் பாவம். விடிந்தால் வெள்ளிக்கிழமை, இன்னொரு நாளைக்கு எங்கே போவது? மாமனார் படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்துவிட்டு, "நாற்காலி நல்லா உழுந்திருக்குது" என்றார்.

அதையும் சேர்த்துத்தான் கொழுந்தனார் கொண்டுபோனார். மாட்டுக் கொட்டகையில் நின்று அழுதேன். பம்பாயிலிருந்து 'படங்கள் கிடைத்தன' என்று மாமனாருக்குத் தகவல் வந்தது. என் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னவென்று எழுதுவார், பாவம், புகையைப் பற்றி?

இரண்டு வருஷம் கழித்து அவர் வந்தார். நல்ல பகல் வெளிச்சத்தில் தகரப் பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தது என் படம் மட்டும்தான்.

"மொகமே இல்லீங்களே" என்றேன்.

"மொகம் இல்லாட்டிப் போகுது. நீ எந்திரிச்சு எங்கிட்ட வாராப்பல இருந்துச்சு. வேல முடிஞ்சு வந்து பொட்டியத் தொறந்தா, தெனமும் எந்திரிச்சு வருவே."

நான் நிமிர்ந்து அவரை முழுசாகப் பார்த்தேன். மீசைக்கு மேலே நல்ல மூக்குதான் இருந்தது.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இன்றைக்கும் நான் படத்துக்கு உட்கார்ந்தால், "மாமா இருமீட்டாருங்க!" என்று எந்தப் பொடிசாவது கத்தும். நான் எழுந்துவிடுவேன். கூட்டமே சிரிக்கும். மாமனார் மேல் இன்னும் பயம் போகவில்லை என்கிறார்கள். மாமனார் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. எங்கள் வீட்டுக்காரரும் போய்விட்டார். உட்கார்ந்தே இருந்தால் அவருக்கு என்னை அடையாளம் தெரியாது, அதனால்தான் எழுந்திருக்கிறேன்.