ரசமட்டத்தாரும் தட்டிவானும்

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதிலும் சரியான மட்டத்தில் நின்ற வீடு ஒன்றே ஒன்றுதான். அதற்கு அத்திவாரம் இல்லை. நான்கு வண்டிச் சில்லுகள் இருந்தன.

அந்த வீட்டுக்காரரை ஊர் ‘ரசமட்டம்’ என்று அழைத்தது. மேசன்மார் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, உள்ளே குமிழி ஓடும் கோல், அதுதான் ரசமட்டம். இவரிடம் அந்தக் கோல்கூட இல்லை. ஒரு சின்னக் குமிழி மட்டும் மிஞ்சும்படி தண்ணீர் விட்டு இறுக்கி மூடிய தட்டை மருந்துப் போத்தல்தான் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு, சண்டை மூண்டு வடக்குக் கரையிலிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்த நேரம், மயிலிட்டியிலிருந்து ஒரு தட்டிவான் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. தட்டிவான் என்றால் பாதி பஸ், பாதி லொறி. பலகை உடம்பு, திறந்த பக்கங்கள், பின்னால் சங்கிலியில் தொங்கும் ஒரு தட்டி. காலையில் மீன், பிறகு அதே மணத்தோடு ஆட்கள் என்று ஓடிய வாகனம். இப்போது அதற்குள் ஒரு பாய், இரண்டு பானை, ஒரு மாதா படம். அவற்றின் நடுவே அவருடைய மனைவி ஞானம்மாக்கா.

“ஐயா, வளவுக்கை ஒரு மூலையிலை விடட்டே? ஒரு கிழமைதான்” என்று ரசமட்டம் என் அப்பாவிடம் கேட்டார். அப்பா தலையாட்டினார்.

வந்த களைப்புக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடிப்பார் என்று பார்த்தால், மனிதர் வானைத் தூக்கும் ஜக்கை எடுத்துக்கொண்டு வானுக்குக் கீழே போய்விட்டார். ஒரு சில்லை உயர்த்துவது, தட்டைக் கல் வைப்பது, ஓடிப்போய்ப் போத்தலைப் பார்ப்பது.

“ஞானம், தலைமாட்டுப் பக்கம் போய் இரு!”

அக்கா போய் இருந்தார்.

“இப்ப கால்மாட்டுக்கு வா!”

வந்தார்.

“சரி, இறங்கு பாப்பம்.”

“நான் பொம்பிளையோ, தராசிலை போடுற படியோ?”

பொழுது சாய்ந்த பிறகுதான் குமிழி நடுவுக்கு வந்தது. அதன் பிறகுதான் அந்தக் குடும்பத்தில் உலை வைக்கப்பட்டது.

“கடலிலை ஆடி ஆடி நித்திரை கொண்ட ஆளுக்கு இஞ்சை ஒரு விரக்கடை சரிஞ்சால் என்ன, அண்ணை?” என்று ஒருநாள் கேட்டேன். வான் ஓட்ட வருமுன் அவர் கடலுக்குப் போனவர்.

“கடல் ஆடும், தம்பி. ஆனால் சரிஞ்சு நிக்காது. உங்கடை நிலந்தான் ஒரு பக்கம் சாஞ்சு கிடக்கு. படுத்தால் ஊர்ப் பக்கம் உருளுறன்.”

எங்கள் செம்மண்ணும் லேசுப்பட்டதல்ல. ஒரு மழை பெய்தால் போதும், பின்சில்லு இரண்டும் புதையும். மழை விட்டதும் ஜக் சத்தம் கேட்கும். எஞ்சின் துருப்பிடித்துவிடும் என்று ஞாயிறுதோறும் மண்ணெண்ணெய் விட்டு வானை முடுக்குவார். அது குலுங்குகிற குலுக்கில் கல்லெல்லாம் நழுவும். திங்கட்கிழமை முழுவதும் மறுபடி மட்டம் பார்ப்பார். என் அப்பா திண்ணையில் நின்று, “விசரன், முழுப் பைத்தியம்” என்று முணுமுணுப்பார்.

வான் முடிந்தால் ஊர். வாசிகசாலைக் கரம்போர்ட்டுக்குக் கீழே மட்டை செருகினார். சைக்கிள் கடைக்காரரின் மேசைக் காலை அரிந்தார். செத்தவீடொன்றில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் குனிந்து பெட்டிக்குக் கீழே ஆப்பு வைத்தார். இறந்தவரின் மகன் கோபத்தோடு முறைத்தான்.

“கோவிக்காதை, தம்பி. கொப்பர் இருக்கேக்கை ஒரு நாளும் நேராய் நிண்டதில்லை. இனியெண்டாலும் நேராய்ப் படுக்கட்டும்.”

அழுதுகொண்டிருந்த விதவையே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒரு கிழமை, வருடங்களாக நீண்டது. “உதிலை ஒரு கொட்டில் போடன், தம்பி. காணி சும்மாதானே கிடக்கு” என்று அப்பாகூடச் சொல்லிப் பார்த்தார்.

“கொட்டில் போட்டால் பிறகு கழட்டவெல்லோ வேணும், ஐயா? வாற மாதம் ஊருக்குப் போறம்.”

வடக்கிலிருந்து காற்று வீசும் பின்னேரங்களில் வான் தட்டியில் இருந்து மூக்கை உயர்த்துவார். “ஞானம், மணக்குதே? எங்கடை கரைக் கருவாடு!”

“அது சுன்னாகம் சந்தைக் கருவாடு” என்பார் அக்கா. சொல்லிவிட்டு, அவரும் அதே பக்கம் திரும்பி மூச்சை இழுப்பார். மயிலிட்டி சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். ஆனால் இடையில் இராணுவம், போக முடியாது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் எங்கள் முறை வந்தது. இராணுவம் நெருங்குகிறது, எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்றார்கள். தெருவெல்லாம் சனம். அப்பா கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். சைக்கிளில் வைத்து உருட்டவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது. நான் வாசலில் கை பிசைந்து நின்றேன். வளவு மூலையில் கல்லுகள் உருளும் சத்தம் கேட்டது. ரசமட்டம் வானை நிலத்தில் இறக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஐயாவை மெத்தையோடை தூக்கு!”

இருந்த மண்ணெண்ணெய் கோப்பாய்ச் சந்தியோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு கொட்டும் மழையில், கைதடிப் பாலம் தாண்டும் வரை, நானும் முன்பின் தெரியாதவர்களும் தள்ளினோம். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இறங்கி நடந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் அப்பா மெத்தையோடு ஓரத்துக்கு வழுக்கினார்.

“டேய், சரியுதடா! மட்டத்தைப் பாரடா!”

“ஐயா, றோட்டுக்கெல்லாம் நான் கல்லு வைக்கேலாது!”

அந்த நெரிசலில், அந்த மழையில், வானைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் வலியோடு சிரித்தார்.

காலையில் தென்மராட்சியில் ஒரு மாந்தோப்பில் நின்றோம். சனம் ஈரமண்ணில் அப்படியே சரிந்து கிடந்தது. அவர் மட்டும் கல் தேடினார். மணல் நிலத்தில் கல்லுக்கு எங்கே போவது? ஒருத்தியிடம் அம்மிக்கல்லை இரந்து வாங்கினார். அதுவும் போதவில்லை. கொஞ்ச நேரம் வானின் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ‘மயிலிட்டி – யாழ்ப்பாணம்’ என்று எழுதிய பலகை இருந்தது. இத்தனை வருடமும் அவர் கழற்ற விடாத பலகை. ஏறிக் கழற்றினார். அப்பாவின் தலைமாட்டுப் பக்கச் சில்லுக்குக் கீழே வைத்தார். எழுத்து ஈரமணலில் படாமல், மேலே பார்க்க.

“இப்ப எப்பிடி, ஐயா?”

அப்பா தூங்கிவிட்டிருந்தார். ரசமட்டமும் அக்காவும் வானுக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டார்கள்.

மாதம் திரும்பும் முன்னர், வள்ளமேறி வன்னியின் கடற்கரைப் பக்கம் போகப் போவதாகச் சொன்னார். “கடல் இல்லாமல் இருந்தது போதும், தம்பி.” அக்கா ஏற்கெனவே பானைகளைக் கட்டி முடித்திருந்தார்.

“வான்?”

“ஐயா எழும்பி நடக்கட்டும். பிறகு பாப்பம்.”

அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பிறகு, “விசரன்” என்றார்.

அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் ஒருவரையும் நான் காணவில்லை. அப்பா எழுந்து நடந்தார், ரசமட்டம் அண்ணை. நாங்களும் ஊர் திரும்பிவிட்டோம். ஒருநாள் நீங்கள் இந்தப் பக்கம் வரவேண்டும். வளவில் உங்களுக்கு இடம் இருக்கிறது. கொஞ்சம் சரிவுதான்.