பக்கத்து இருக்கைக் கியர்க்காரர்

கடவுள் மனிதனுக்கு இரண்டு கால் கொடுத்திருக்க, கார் ஓட்டும்போது ஒரு காலைச் சும்மா வைத்திருப்பது தர்மமா என்ற கேள்வியை மருந்துக்கடைக்காரர் மனதில் கிளப்பியவன் அவருடைய மச்சான்.

"ஆட்டோமேட்டிக் ஓட்டறதெல்லாம் ஒரு ஓட்டலா மாமா? லிஃப்ட்ல பட்டன் அமுக்கற மாதிரி!"

ஊரில் அப்போது கியர் மோகம் தலைவிரித்தாடியது. ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டுக் கியர் மாட்டாதவனை ஒருவரும் மதிக்கவில்லை. கடைக்காரரும் மனைவியிடம் மூச்சுவிடாமல் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். புதுக் கியர் தண்டோடு வண்டி வீட்டுக்கு வந்து நின்றதும் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, நம்ம ரெண்டு பேருக்குமே ஆட்டோமேட்டிக் லைசென்ஸ்தானே இருக்கு?"

கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. மெக்கானிக்கோ பழைய கியர்பாக்ஸை அதற்குள் விற்றுவிட்டார். மனைவி நர்ஸ், ஆற்றுக்கு அக்கரையில் புது வேலை. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஏழு மணிக்கு ஒருநாள் பிந்தினாலும் வேலை இல்லை என்று மேற்பார்வையாளர் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கடைக்காரர் அலறியடித்துக்கொண்டு வாகன அலுவலகத்துக்கு ஓடினார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஆட்டோமேட்டிக் வண்டின்னா என்ன? ஓட்டுநர் கியர் மாத்தாத வண்டி. விதி அவ்வளவுதான்."

"இதுல மாத்தணுமே சார்."

"பக்கத்து சீட்ல இருக்கறவர் மாத்தட்டும். ஓட்டறவங்களுக்குக் கியர் தானா விழுது. அப்ப அது ஆட்டோமேட்டிக்தானே?"

"கிளட்ச்?"

"அதையும் அந்தப் பக்கமே நகர்த்தி வெச்சுக்குங்க. கிளட்ச் விஷயத்துல அரசாங்கம் தலையிடாது."

ஊரே இதே சிக்கலில் மாட்டியிருந்ததால், 'துணைக் கியர் இயக்குநர்' என்ற தகுதி அன்றே உருவாக்கப்பட்டு, அன்று மாலையே தேர்வும் நடந்தது. ஆமையாக நகரும் அலுவலகம், அபத்தம் என்றால் மட்டும் குதிரையாகிவிடும். தேர்வுக்கென்று அவர்களிடம் இருந்தது ஓர் ஆட்டோமேட்டிக் வண்டி. மாற்றுவதற்குக் கியரே இல்லாத வண்டியில் யார்தான் தப்பாக மாற்ற முடியும்? எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு. கடைக்காரர் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். மெக்கானிக் இரவோடிரவாகக் கிளட்ச்சை நகர்த்திக் கொடுத்தார்.

மறுநாள் காலை மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பாலம் வரை முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு போனது வண்டி.

"ரெண்டு போடுங்க!"

"கிளட்ச்சை அமுக்கணுமா, விடணுமா?"

"என்னைக் கேட்டா? சர்ட்டிபிகேட் உங்ககிட்டதானே இருக்கு!"

வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவி நின்றுவிட்டது. பின்னால் ஒரே ஹாரன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பாலம் நெடுக வண்டிகள். வண்டிக்கு வண்டி புருஷன் பெண்டாட்டி சண்டை.

"என் வேலை போச்சுன்னா உங்க கியரைத்தான் ஆக்கிப் போடுவேன்!" என்று மனைவி இறங்கி ஓடினாள். அவள் கண் கலங்கியிருந்தது. கடைக்காரருக்கு வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டைத் தாண்டிவிட்டது. மனைவி உள்ளே போகத் தயங்கி வாசலிலேயே நின்றாள்.

"பயப்படாதீங்க சிஸ்டர்," என்றார் காவலாளி. "மேற்பார்வையாளர் அம்மா இன்னும் வரலை. அவங்க கியர்க்காரர் கோவிச்சுக்கிட்டு நடுவழியில இறங்கிட்டாராம்."

"டாக்டருங்க?"

"யாருமே வரலை."

அன்று காலை அந்த மருத்துவமனையில் நேரத்துக்கு இருந்தவர்கள் நோயாளிகள் மட்டும்தான்.