ஆற்று வளைவும் கோழி சாரும்

வெள்ளத்தைத் தடுப்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, வெள்ளத்துக்கே வக்காலத்து வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் மேற்குத் தாம்பரத்தில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் ஆபீசில், எனக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். என் தலையெழுத்து.

அடையாற்றுக் கரையில் வெள்ளத் தடுப்புச் சுவருக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. சுவர் கட்டுகிற இடத்தில் ஆற்றுச் செடிகொடிகளும் பறவைகளும் திரும்ப வருவதற்கு ஒரு திட்டம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று விதி. அதற்காக எடுக்கப்பட்டவர் இவர். ரிப்போர்ட்டை டைப் அடித்து, பிழை பார்த்து, பைண்டிங்குக்கு அனுப்புகிறவள் நான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளத்தன்றுகூட யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆற்றோரப் புதரில் நீலத் தாழைக்கோழி என்று ஒரு பறவை உண்டு. ஊதா உடம்பு, சிவப்புக் கால், கவுன்சிலர் மாதிரி நடை. எந்தப் பேச்சை எடுத்தாலும் மனுஷன் அதில் கொண்டுபோய்த்தான் முடிப்பார். வந்த வாரமே கோழி சார் ஆகிவிட்டார்.

ஒரு நாள் கூரியர்காரர், "கோழி சார்னு ஒர்த்தர் கீறாராமே, ஞாயித்துக்கெழமைக்கு ரெண்டு கிலோ சொல்லணும்" என்று வந்து நின்றார். கோழி சார் கோபித்துக்கொள்ளவில்லை. அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தாழைக்கோழி எப்படிக் கூடு கட்டும் என்று விளக்கினார். டீ வாங்கிக் கொடுத்து, மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். அதற்குப் பிறகு அந்தக் கூரியர்காரர் கவரையெல்லாம் கீழே பேக்கரியில் கொடுத்துவிட்டு ஓடிப்போய்விடுவார்.

கரையில் திரும்ப நடுவதற்காகக் கோழி சார் சம்புப் புல், கோரைக் கிழங்குகளைச் சேற்றோடு கொண்டுவந்து ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைப்பார். அதுவும் என் தயிர் டப்பாவுக்கு மேல்.

"சார், இது சாப்பாடு வைக்கிற ஃபிரிட்ஜ்!"

"வெளியில வெச்சா வாடிடும்மா. அதுவும் உயிர்தானே?"

"அப்ப நான்?"

அவர் என் டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டு, கிழங்குகளுக்குத் தண்ணீர் தெளித்தார்.

எனக்கு அவர்மேல் இருந்த கடுப்புக்கு ஃபிரிட்ஜ் மட்டும் காரணமில்லை. என் வீடு முடிச்சூர் பக்கம், ஆற்றுக்கு அருகில், கீழ்த்தளம். அந்த டிசம்பர் வெள்ளத்தில் என் கட்டில் மிதந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். படகில் ஏற்றி எங்களைக் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் ராத்திரி மழை பிடித்தால் எனக்குத் தூக்கம் கிடையாது, என்னால் வீட்டுக்காரருக்கும் கிடையாது. எனக்கு வேண்டியது சுவர். உயரமான, தடிமனான காங்கிரீட் சுவர்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஆறு வளைந்து திரும்பும். அந்த வளைவில் சம்பும் கோரையும் மண்டிய தாழ்வான நிலம் ஒன்று இருந்தது. முதல் பிளானில் சுவர் ஆற்றை ஒட்டி நேராக ஓடியது. அந்த நிலத்தை மண் கொட்டி மேடாக்கிவிடுவார்கள். கோழி சார் என்ன சொன்னார் என்றால், சுவரைக் கொஞ்சம் தெருப் பக்கமாகத் தள்ளி, அந்த நிலத்துக்குப் பின்னால் கட்டுங்கள் என்றார். வெள்ளம் வந்தால் முதலில் அங்கே பரவட்டும், மற்ற நாளில் கோழி இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், தண்ணிய எங்க வீட்டுப் பக்கம் கூப்பிடறீங்களா?"

"நான் கூப்பிடலம்மா. அது எப்படியும் வரும். உக்கார எடம் குடுத்தா, உங்க வீட்டுக்குள்ள வராது."

தெருக்காரர்களிடம் கருத்துக் கேட்க ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். என் எதிர்வீட்டு அம்மா மைக்கைப் பிடுங்கினார். "அன்னைக்கு நாங்க மொட்டை மாடில சோறு தண்ணி இல்லாம ஒண்டிக்கினு இருந்தமே, அப்ப உங்க கோழி எங்க சார் போச்சு?"

கோழி சார் எழுந்து நின்று, மிகவும் யோசித்து, "அதுவும் உங்களோட மொட்டை மாடிலதாம்மா இருந்திருக்கும். வேற எங்க போவும்?" என்றார். மண்டபமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

சைட்டில் இன்னொரு கூத்து. மண் பரிசோதனைக்குப் பாதை வெட்ட வந்த ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"யோவ் சார், நவுரு! இன்னாத்துக்குக் குறுக்க நிக்கற?" என்றார் டிரைவர்.

"உள்ள கூடு இருக்குப்பா. முட்டை இருக்கு."

"முட்டைதான வோணும்? கடைல நானே வாங்கித் தரேன். பேஜார் பண்ணாத சார்!"

கோழி சார் சேற்றிலேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சை சாதம். கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்த டிரைவர், கடைசியில் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து பாதி சாதத்தைச் சாப்பிட்டார். வேறு பக்கமாகப் பாதை வெட்டினார்கள். பிறகு ஒரு நாள் கோழி சார், கரேலென்றிருந்த குஞ்சுகள் தாய்க்குப் பின்னால் தத்தித் தத்தி ஓடுவதைப் போனில் எடுத்துவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். முடியவில்லை.

எங்கள் பாஸுக்கு டிராயிங்கில் பச்சை நிறம் தெரிந்தாலே ஆகாது. "சார், நாம கட்டறது சுவரு. பார்க் இல்ல. அழிங்க அதை" என்பார். கோழி சார் அழிக்கவில்லை, மறைத்தார். கம்ப்யூட்டர் டிராயிங் என்பது கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி. வேண்டாத தாளை மறைத்து வைக்கலாம். அழியாது, ஆனால் திரையில் தெரியாது, பிரிண்டிலும் வராது. மாடிப்படியில் பாஸின் சாவிக்கொத்து குலுங்கினால் போதும், கோழி சார் விரல் ஒரு தட்டுத் தட்டும். வளைந்த சுவரும் பச்சையும் மறைந்து பழைய நேர்ச்சுவர் வந்து நிற்கும். பாஸ் இறங்கிப் போனதும் இன்னொரு தட்டு. சுவர் மறுபடி வளையும். மாதக்கணக்கில் இப்படிச் சுவரை வளைத்தும் நிமிர்த்தியும் கொண்டிருந்தார்.

அப்புறம் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. மேலே இருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி, "ஆத்துக்கு என்ன செஞ்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். பாஸ் ஒரு நொடியில் பச்சைக் கட்சிக்கு மாறினார். "அதுக்குன்னே ஒரு ஸ்பெஷல் ஆள் வெச்சிருக்கோம் சார்!" வளைவுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அன்றைக்குக் கோழி சார் எங்கள் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். தனக்கென்று ஒன்று வாங்க மறந்துவிட்டார்.

டெண்டர் டிராயிங் பிரிண்டுக்குப் போக வேண்டிய நாள் காலை, பாஸ் படியேறி வந்தார். திட்ட அல்ல, பாராட்ட. கோழி சாரை அந்த அதிகாரியோடு சைட்டுக்கு அழைத்துப் போக வந்தார். சாவிக்கொத்து குலுங்கியது. ஒப்புதல் கிடைத்த விஷயம் கோழி சாருக்குத் தெரியும், அவர் விரலுக்குத் தெரியாது. தட்டிவிட்டது.

பாஸ் அவர் தோளில் கைபோட்டு அப்படியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். திரையில் இருந்த நேர்ச்சுவர் அப்படியே பிரிண்டாகிக் கையெழுத்துக்குப் போனது. பார்த்தவர்கள் எல்லோரும் சுவரின் உயரத்தைச் சரிபார்த்தார்கள்.

சைட்டில் நேர்கோட்டில் கம்பி கட்டத் தொடங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நான் டைப் அடித்த ரிப்போர்ட்டில் வளைவைப் பற்றி ஒரு அத்தியாயமே இருந்தது. ஆனால் சைட்டில் ரிப்போர்ட்டை யார் பிரிக்கிறார்கள்? டிராயிங்தான் வேதம். கோழி சார் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். "நான் மறைச்சதுதான்" என்றார். வேறு யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

பாஸ் அன்றைக்குக் கத்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "மாத்தணும்னா மறுபடி அப்ரூவல், மறுபடி டெண்டர். வர்ற மழைக்குள்ள ஒரு அடி சுவர்கூட எழும்பாது. நிறுத்தணும்னு நீங்க சொன்னா நான் மேல பேசறேன் சார். உங்க முடிவுதான்" என்றார்.

கோழி சார் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க வீட்டுல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?"

"ஜன்னல் வரைக்கும் சார்."

தலையை ஆட்டினார். "கட்டட்டும் சார்" என்று பாஸிடம் சொன்னார்.

கட்டினார்கள். வளைவில் லாரி லாரியாக மண் கொட்டினார்கள். கொஞ்ச நாளில் அவர் வேலையை விட்டுவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் குடிபோய்விட்டார். ஃபிரிட்ஜ் சுத்தமாகிவிட்டது. எனக்கு அந்தச் சுத்தம் பிடிக்கவே இல்லை.

அந்த ஐப்பசியில் மழை ஊற்றித் தள்ளியது. தெருவே குடையோடு நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறு சுவரில் மோதிக்கொண்டு ஓடியது. ஒரு சொட்டு இந்தப் பக்கம் வரவில்லை. எதிர்வீட்டு அம்மா சுவருக்குக் கற்பூரம் காட்டினார். பொழுது சாய்கிற நேரத்தில் எனக்குப் போன் வந்தது.

"ஏம்மா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?"

"வரலை சார். சுவர் தாங்கிடுச்சு."

அவர் பக்கமும் மழைச் சத்தம் கேட்டது. "அப்பாடா" என்றார். "நல்லா இருங்கம்மா. காலையிலேர்ந்து எனக்குச் சோறே இறங்கல. இனிமே சாப்பிடறேன்."

அடுத்து நான் நினைத்தது வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் என்னைத் திட்டித் தீர்த்துவிடுவார். போனை வைத்துவிட்டு, காய்ந்து கிடந்த என் வீட்டுத் தரையைப் பார்த்தேன். இந்தப் பாழாய்ப்போன மனுஷன் சொன்னது சரி என்று ஆவதற்காகக் கணுக்கால் அளவாவது தண்ணீர் வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகை வந்தது.