மடியை அடக்கிய மாடும் மாப்பிள்ளை இறக்கிய மெஷினும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நலமில்லை, மாடும் நலமில்லை. உங்கள் நலத்தைக் கடைசியில், கோபம் ஆறியிருந்தால், விசாரிக்கிறேன். போனில் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால்தான் கடிதம்.

மணிக்கட்டு வலி என்று உங்கள் அத்தையை ஓய்வுக்கு அழைத்துக்கொண்டு போனீர்கள். சரி. "இனிமே பட்டனைத் தட்டினா போதும் மாமா, பால் கொட்டும்" என்று ஒரு கறவை மெஷினையும் இறக்கிவிட்டுப் போனீர்கள். தட்டினேன். கொட்டியது தண்ணீர் வாளி, அதுவும் என் தலையில், உதைத்தது மாடு. வெந்நீர்த் துணியால் மடியைத் துடைத்து, நாலு பீச்சு கையால் பீச்சி, கொஞ்சம் பொறுத்துத்தான் மாட்ட வேண்டும் என்று நீங்கள் சொன்னது மறக்கவில்லை. மாட்டுக்கு முகம் கழுவிப் பவுடர் பூசவா மெஷின் வாங்கினோம்? நேரே குழாய்களை மாட்டினேன். மெஷின் டக்கு டக்கென்று இழுக்கிறது, குழாயில் வெறும் காற்று! மாடு பாலை அடக்கிக்கொண்டு, வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறது. நானா விடுவேன்? வரும்வரை ஓடட்டும் என்று உட்கார்ந்தேன். காம்பு சிவந்ததுதான் மிச்சம். இப்போது மெஷினைக் கண்டாலே காலைத் தூக்குகிறது, மடி கல்லாகக் கிடக்கிறது. இப்படியே விட்டால் மடிநோய்தான் என்று மிரட்டிய மாட்டு டாக்டர், "வழக்கமா கறக்கிறவங்க எங்க? அவங்களக் கூப்பிடுங்க" என்கிறார். அப்போ இந்த வீட்ல நான் யாராம்?

ஆகவே கடிதம் கண்டதும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, உங்கள் அத்தையைக் கொண்டுவந்து விடவும். வலியை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

கோபம் ஆறவில்லை. எனவே பேத்திக்கு மட்டும் ஆசிகள்.

இப்படிக்கு,
நனைந்த மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை போன் செய்தாள். தொழுவத்தில் ஸ்பீக்கரில் போட்டேன். "மடியத் தொடச்சீங்களா? உங்க மூஞ்சியக் கழுவவே நான் சொல்லணும், மாட்டுக்கா செய்யப் போறீங்க?" என்று பிடித்துக்கொண்டாள். வசவு தாங்காமல் துடைத்தேன். துடைக்கும்போதே காம்பில் பால் சொட்டியது. மாட்டினேன். வாளி நிறைந்துவிட்டது. மெஷினை எடுக்க வர வேண்டாம். அத்தையும் கை குணமாகும்வரை அங்கேயே இருக்கட்டும். ஆனால் அந்தக் குரல் கேட்டால்தான் மாடு பால் விடுகிறதாம், கறவை நேரம் தவறாமல் போன் செய்து திட்டச் சொல்லுங்கள். துடைத்ததால்தான் பால் வந்தது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். போன் செய்வதை நிறுத்திவிடுவாள்.