தூண்டில் கோல் தேர்வுக் குழுவின் மாபெரும் வெற்றி

நெருப்பைக் கண்டுபிடிக்க ஒரு குழு அமைத்திருந்தால் மனிதர்கள் இன்றைக்கும் எல்லாவற்றையும் பச்சையாகத்தான் தின்றுகொண்டிருப்பார்கள் என்று சில விஷமிகள் பேசித் திரிகிறார்கள். தவறு. குழு அமைத்திருந்தால் யாருக்கும் கை சுட்டிருக்காது. நாகரிகத்தின் உச்சம் குழு. குழுக்களின் உச்சம், எடை அளவு முத்திரை அலுவலகத்தில் அமைக்கப்பட்ட 'தூண்டில் கோல் தேர்வுக் குழு'.

தராசுக்கு முத்திரை குத்துகிறவர்களுக்குத் தூண்டில் எதற்கு என்று கேட்பவர்கள் அந்த அலுவலகத்து இயக்குநரை அறியாதவர்கள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கைபேசியில் ஒரு படம் பார்த்தார். ஏரியில் ஒரு படகு மெல்ல ஓடுகிறது. அதன் பின்னால் நீள நீளமான நூல்களின் முனையில் பொய் இரைகள் நீந்தி வருகின்றன. நிஜமென்று நம்பி மீன் வந்து கவ்வுகிறது. "இதுதான்யா நிர்வாகம்" என்றார் இயக்குநர். அந்த ஆண்டின் 'குழு உணர்வு முகாம்' நீர்த்தேக்கத்தில், படகில் என்று அன்று மாலையே அறிவிப்பு வந்துவிட்டது.

குழுவுக்கு அமைப்பாளர், அலுவலகக் கண்காணிப்பாளர். மனிதர் மீன் கடைப் பக்கம்கூடப் போகாதவர். இருந்தும் தலையாட்டினார் என்றால் காரணம் இருந்தது. அவர் மனைவி ஒரு துறைமுக நகரத்து மருத்துவமனையில் மருந்தாளுநர். ரயிலில் ஏறினால் மறுநாள்தான் போய்ச் சேர முடியும். மாதத்துக்கு ஒரு தடவை போவார். போன தடவை தனக்குத் தேநீர் போட எழுந்தவர், சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தன் மகளிடம் கேட்க வேண்டியதாயிற்று. அவள் "நீங்க உட்காருங்க, நானே போட்டுத் தர்றேன்" என்று விருந்தாளிக்குச் சொல்வதுபோல் சொன்னாள். திரும்பி வரும்போது ரயிலில் அவருக்கு அழுகையாக வந்தது. அந்த நகரத்து அலுவலகத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. மாறுதலுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் இயக்குநர். "முகாம் நல்லபடியா முடியட்டும், பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

ஆகவே கண்காணிப்பாளர் விழுந்து விழுந்து படித்தார். ஓடும் படகில் நீளமான கோல்களை இரு பக்கமும் நீட்ட வேண்டும், குட்டைக் கோல்கள் பின்பக்கம். அப்போதுதான் நூல்கள் ஒன்றோடொன்று சிக்காது. கோலின் நுனி இளக்கமாக இருந்தால்தான் மீன் இழுக்கும்போது வளைந்து கொடுக்கும். உள்ளே ஈயம் ஓடும் நூல் ஆழத்துக்குப் போகும். சாதாரண நைலான் நரம்பு மேலோடு மிதந்து வரும். இதையெல்லாம் அவர் குழுவின் முன் வைத்தார். குழு அவரைப் பாராட்டிவிட்டு, அத்தனையையும் தள்ளுபடி செய்தது.

குழுவில் இருந்த துணை இயக்குநருக்குக் குட்டைக் கோல் என்ற பேச்சே பிடிக்கவில்லை. இயக்குநர் பின்பக்கம் நடு நாற்காலியில்தான் உட்காருவார். அவர் கையில் குட்டைக் கோலைக் கொடுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். பதவிப்படி நீளம் என்று முடிவாயிற்று. வளைந்து கொடுக்கும் நுனியும் இயக்குநருக்கு ஒத்துவராது. வளைவது கீழே உள்ளவர்களின் பணி. எனவே அவருக்கு வளையாத கோல், எழுத்தர்களுக்குத் துவண்டு விழும் கோல். மேலதிகாரியின் இரை மற்றவர்களுடையதைவிட ஆழத்தில் போவதே முறை என்பதால் ஈய நூலும் அவருக்கே. நீர்த்தேக்கத்தில் இப்போது இடுப்பளவுத் தண்ணீர்தான் கிடக்கிறது என்று கண்காணிப்பாளர் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். தண்ணீரின் ஆழம் குழுவின் வரம்புக்குள் வராது என்று பதில் வந்தது.

குழுவில் இன்னொருவர் இருந்தார். முத்திரைப் பிரிவு எழுத்தர். தராசுத் தட்டில் வைத்த எடைக்கல் மாதிரி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத காரணத்தால் 'படிக்கல்' என்று பெயர். எல்லாத் தீர்மானங்களையும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரித்தார். பெரும்பாலும் தூக்கத்தில்.

முகாம் நாளில் படகு புறப்பட்ட சிறிது நேரத்தில் இயக்குநரின் நூல் விண்ணென்று இழுபட்டது. வளையவே வளையாது என்று குழு சான்றளித்த கோல் வில்லாக வளைந்தது. படகின் எஞ்சின் முனகியது. அதை நிறுத்த யாருக்கு அதிகாரம் என்று தெரியாததால் யாரும் நிறுத்தவில்லை. "மாட்டிடுச்சுய்யா" என்றார் இயக்குநர்.

கண்காணிப்பாளர் மட்டும் திரும்பிப் பார்த்தார். நூல் போய் இறங்கிய இடத்தில் ஒரு பட்டமரத்தின் முண்டு தண்ணீருக்கு மேல் தலைகாட்டிக்கொண்டிருந்தது. சொல்வதற்கு வாயெடுத்தார். சர்க்கரை டப்பா ஞாபகம் வந்தது.

"பெரிய மீன் சார்" என்றார்.

இப்படியொரு தருணத்தைப் படம் எடுக்காமல் விடலாமா? தலை வாரிக்கொள்வதற்காக இயக்குநர் கோலைப் பக்கத்தில் இருந்த படிக்கல்லிடம் கொடுத்தார். படிக்கல் இரண்டு கையாலும் பிடித்தார். அந்த நேரம் பார்த்து அவருக்குக் கொட்டாவி வந்தது. மேலதிகாரி எதிரில் வாயைப் பிளப்பது மரியாதை இல்லையே என்று, பணிவோடு ஒரு கையை எடுத்து வாயைப் பொத்தினார். கோல் போய்விட்டது.

கரையில் அவசரக் கூட்டம் நடந்தது. எடை அளவு அலுவலகம், தப்பிப்போன மீனின் எடையைக் கணிக்காமல் வீடு திரும்பினால் நாடு என்ன நினைக்கும்? துணை இயக்குநர் பதினைந்து கிலோ என்றார். இயக்குநரின் முகம் வாடியது. அமைப்பாளர் என்ற முறையில் கண்காணிப்பாளரின் கருத்து கேட்கப்பட்டது. அவர் அந்த மரமுண்டை மனத்துக்குள் நிறுத்தி, நேர்மையாக யோசித்து, "இருபத்திரண்டு இருக்கும் சார்" என்றார். இயக்குநர் எழுந்துவந்து தோளில் தட்டினார்.

மறுநாள் காலையில் அலுவலகம் திறந்ததும் நீதியும் தாமதமின்றி வழங்கப்பட்டது. இருபத்திரண்டு கிலோவைக் கைநழுவ விட்ட குற்றத்துக்காகப் படிக்கல்லுக்குத் தண்டனை மாறுதல். எங்கே? துறைமுக நகரத்தில் காலியாக இருந்த அதே இடத்துக்கு.

கண்காணிப்பாளர் பதறிப்போய் இயக்குநர் அறைக்கு ஓடினார். இயக்குநர் மிகுந்த பாசத்தோடு அவரை உட்காரச் சொன்னார்.

"உங்களை எப்படிய்யா விட முடியும்? உங்களை மாதிரி ஒருத்தர் இந்த ஆபீஸ்ல உண்டா? அடுத்த வருஷம் இதைவிடப் பெரிய ஏரி. நான் இருக்கிற வரைக்கும் நீங்க இங்கதான்."

இப்படிப்பட்ட பாராட்டைப் பெற்றவர் அந்த அலுவலகத்தில் வேறு எவரும் இல்லை. அவர் கைகூப்பிவிட்டு வெளியே வந்தார். வாசலில் படிக்கல் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். தெரியாத ஊரில் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கண்காணிப்பாளர், தன் மனைவி அங்கேதான் இருக்கிறாள், வீடு பார்த்துக் கொடுப்பாள் என்று ஆறுதல் சொல்லி அவள் கைபேசி எண்ணைக் கொடுத்தார். பிறகு படிக்கட்டுக்குக் கீழே ஒதுங்கி அவளை அழைத்து, மரமுண்டு முதல் மாறுதல் வரை ஒன்றுவிடாமல் சொன்னார். தன் சேவையை இயக்குநர் எப்படியெல்லாம் புகழ்ந்தார் என்பதையும், கொஞ்சம் பெருமையாகவே, சேர்த்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"இல்லாத மீனுக்கு இருபத்திரண்டு கிலோன்னு சொல்ல வாயைத் திறந்தீங்களே. எங்களுக்காக அந்த வாயால ஒரு கொட்டாவி விட்டிருக்கக் கூடாதா?"