பிளேன்டீ குடித்து வளர்ந்த முனாப்

பிலிமத்தலாவையில் ஒரு சுவாமி ஆட்களை ஒரே இரவில் வளர்த்துவிடுகிறாராம்! கண்டி வீதியில் வாகனம் நகர இடமில்லை. நாட்டில் இத்தனை பேருக்கு உயரம் போதவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

வரிசையில் லூக்காஸ் மாஸ்டரும் நின்றார். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவர். நான்கடி பத்தங்குலத்தில் நின்றுவிட்ட மகள் ஷிரோமிக்காக வந்திருந்தார். படித்தவன் ஏமாறமாட்டான் என்று வகுப்பில் அடிக்கடி சொல்வார். சொன்ன வாய் இப்போது முகக்கவசத்துக்குள் ஒளிந்திருந்தது.

மாலையில் உயரானந்த சுவாமி எல்லாரையும் சுவரோரம் நிறுத்தி, தலைக்கு மேல் கோடு கிழித்தார். மந்திரித்த தண்ணீரை விற்றார். "விடிஞ்சதும் எழும்பின கையோட வாங்க" என்றார். மாஸ்டரை ஏற்றிவந்த ஓட்டோக்கார முனாப்பும் பொழுதுபோகாமல் ஒரு கோடு வாங்கிக்கொண்டார்.

காலையில் அளந்தால் ஷிரோமி அரை அங்குலம் மேலே! கூட்டம் அழுதது. மாஸ்டரும் வெட்கமில்லாமல் அழுதார்.

"தண்ணி இவ்வளவுதான் செய்யும்" என்று சுவாமி ஊசியை எடுத்தார். "ஒடம்புக்குள்ள ஒரு பிறேக் இருக்கு. இது அத ஒடைச்சிரும். பொறகு நிக்காத வளர்ச்சிதான்!"

மாஸ்டர் மகளின் கையைப் பிடித்து நீட்டினார். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்கதானே படிப்பிச்சீங்க? வளர்ச்சிக் காரணி வந்து ஒடம்புக் கலத்தோட கதவத் தட்டினா, கலமே அத அடக்குற புரதத்தையும் செய்யும், கதவையும் உள்ளுக்கு இழுத்துக்கும்னு. அந்தப் பிறேக் ஒடைஞ்சா?"

"புற்றுநோய் வரலாம்" என்றார் மாஸ்டர். கலம் தானே தன்னை அடக்குவதற்குப் பெயர் எதிர்ப் பின்னூட்டல்; பரீட்சையில் பத்துப் புள்ளிக் கேள்வி. விடை வாயில் இருந்தது; புத்திதான் வீட்டில் இருந்தது.

"முனாப் நானா, நீங்களும் வந்து நில்லுங்க" என்றாள் ஷிரோமி.

முனாப் நின்றார். அவரும் அரை அங்குலம் மேலே!

"தண்ணி குடிச்சீங்களா?"

"இல்ல தங்கச்சி. நான் குடிச்சது பாலில்லாத பிளேன்டீ மட்டும்தான்."

"பகல் முழுக்க நிமிர்ந்து நடந்தா முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கும். படுத்து எழும்பினா நீளும். பின்னேரம் திரும்ப அளப்போமா, சுவாமி?"

பின்னேரம் அளந்தார்கள். எல்லாரும் பழைய கோட்டில் நின்றார்கள். சுவாமியை மட்டும் காணவில்லை. மாஸ்டர் கூனிக் குறுகி நின்றதால் தன் கோட்டுக்கும் கீழே போயிருந்தார்.

மறுநாள் வகுப்பில் அவரே கதையைச் சொன்னார். "கலத்துக்கு மூளை கெடையாது, பிள்ளைகளே. ஆனா 'போதும்'னு சொல்ல அதுக்குத் தெரியும். மூளை உள்ள உங்க மாஸ்டர் ஊசி வரைக்கும் போனாரு. நீங்களாவது யோசிங்க."