கொளஞ்சியப்பனின் பரஸ்தானப் பை

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தவளைக்கு அடுத்தபடி வாயால் கெட்டவர் உரக்கடை மேனேஜர் கொளஞ்சியப்பன்.

சிதம்பரத்தில் அவருடைய மச்சான் ஸ்ரீதர் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று அது நடந்தது. பந்தியில் எதிரே உட்கார்ந்தவர், மகனோடு காரில் ஊட்டிக்குப் போய்வந்த கதையை இலை போட்டதிலிருந்து அளந்துகொண்டிருந்தார். பாயசம் வந்தபோது கொளஞ்சியப்பனால் பொறுக்க முடியவில்லை.

"கார்ல போறது ஒரு பெருமையாங்க? நானும் எம்பொண்ணும் மேகமலைக்குப் போறோம். ஒரு வாரம். முதுகுல பை, கால்ல நடை!"

பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்த மகள் இசைவாணி, கைகூடக் கழுவாமல் ஓடிவந்தாள். "நெசமாவாப்பா?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. "பின்னே?" என்றார். அந்த வாரமே அவள் ஒரு மலையேற்றக் குழுவில் பேர் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை ரயில்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கொளஞ்சியப்பன் பயந்தவர். கொஞ்சநஞ்சமல்ல. பல்லி கத்தினால் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விடுவார். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போனால் அலைப்பக்கம் திரும்பமாட்டார். எல்லார் செருப்புக்கும் காவல் நிற்பார். மகளோ அவரைப் பெரிய தைரியசாலி என்று நம்பிக்கொண்டிருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். யானை மிதித்தாலும் பரவாயில்லை, யானையைப் பார்த்துத் தான் போடப்போகிற கூச்சல் மகள் காதில் விழுந்துவிடுமே என்பதுதான் அவர் பயம்.

கடையில் உட்கார்ந்து போனில் அட்டை வீடியோ பார்த்தார். ஒருவர் கால் விரலிடுக்கில் புகுந்த அட்டை ரத்தம் குடித்துக் குடித்துப் புளியங்கொட்டை அளவுக்குப் பெருத்தது. கொளஞ்சியப்பன் செருப்பைக் கழற்றித் தன் விரலிடுக்கைத் தடவிப் பார்த்தார். யூரியா வாங்க வந்தவர் என்ன என்று விசாரிக்க, "சேத்துப்புண்ணு" என்றார்.

தப்பிக்க ஒரே வழி, மனைவி பவானி வேண்டாம் என்று தடுக்க வேண்டும். அவள் தடுத்துவிட்டால், தைரியம் குறையாமல் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

"பவானி, அங்க அட்டை ரொம்ப ஜாஸ்தியாம்."

"உப்பும் மூக்குப்பொடியும் பொட்டலம் கட்டி வெச்சிருக்கேன்."

"யானை வருமாம்."

"வந்தா வழிவிடுங்க."

"கக்கூஸ் கெடையாதாம். எல்லாம் காட்டுலதான்."

"காட்டுமன்னார்கோயில்ல எங்க வூட்டுல நான் பத்தாவது படிக்கிற வரைக்கும் வயக்காடுதான். செத்தா போயிட்டேன்?"

"பொண்ணுக்கு எதுனா ஒண்ணு ஆயிடுச்சின்னா?"

"அதான் நீங்க கூட இருக்கீங்களே!"

இதைக் கேட்டதும் அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது. கடைசியாகத் தினசரிக் காலண்டரைப் பிடித்தார். ராகு காலத்தில் ரேஷன் கடைக்குக்கூடப் போகாதவள் பவானி.

"வியாழக்கிழமை தெக்க சூலமாச்சே?"

"தைலத்தத் தடவிக்கிட்டுக் கெளம்புனா சூலம் ஒண்ணும் பண்ணாது."

"எனக்கு அன்னிக்கிச் சந்திராஷ்டமம் வேற."

பவானி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். காலண்டரைப் புரட்டினாள். அவள் முகம் மாறியது கொளஞ்சியப்பன் வயிற்றில் பால் வார்த்தது.

"ஆமாங்க. நல்லவேளை, சொன்னீங்க."

"எனக்கு மட்டும் ஆசையில்லியா பவானி? என்னா பண்றது, விதி."

"விதியாவது ஒண்ணாவது! திங்கக்கிழமை நல்ல நாளு. அன்னிக்கே பரஸ்தானம் வெச்சிடுறேன்."

கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வரும் நல்ல நாளில் பயணப் பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அன்றைக்கே கிளம்பியதாக அர்த்தம். அதுதான் பரஸ்தானம். அப்புறம் சந்திராஷ்டமமாவது சூலமாவது. கொளஞ்சியப்பனுக்கு இது தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை அவர் கடைக்குப் போயிருந்தபோது பவானியே சிதம்பரத்துக்கு பஸ் ஏறி, ரயில் போகிற வழியில் இருக்கிற தம்பி ஸ்ரீதர் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். வந்ததும், "பை திரும்ப நம்ம வாசப்படி ஏறக் கூடாதுங்க. ஏறிடுச்சின்னா பயணமே கூடாது" என்றாள். சாப்பாடு போடும்போது இன்னொரு தடவையும் சொன்னாள்.

புதன்கிழமை கொளஞ்சியப்பன் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பையை மீட்டுத் தன் வீட்டு வாசற்படி ஏற்றிவிடச் சிதம்பரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

"வாங்க மாமா! நாளைக்கித்தான ரயிலு?" என்றான் ஸ்ரீதர்.

"அது வந்து மச்சான், பையில மாத்திரை வெக்க மறந்துட்டேன். வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயி…"

"மாத்திரைய இங்க கொண்டாந்து வெச்சிடுங்களேன்."

"அது வூட்டுலல்ல இருக்குது!"

ஸ்ரீதர் உள்ளே போனான். பையைக் கொண்டுவந்து வைத்தான். "எதுக்கும் ஒருவாட்டித் தெறந்து பாத்துக்குங்க மாமா."

திறந்தார். மேலே பவானியின் சுடிதார். அதற்கடியில் இன்னொரு சுடிதார். மகளின் தொப்பி. பெண்கள் போடுகிற ஷூ ஒரு ஜோடி. வேட்டி இல்லை, சட்டை இல்லை. பதறிப்போய் வீட்டுக்கு போன் போட்டார்.

"பவானி, என் துணிமணியெல்லாம் எங்க?"

"எங்க போவும், பீரோவுலதான் இருக்கும். நானும் பொண்ணும் போறோங்க. ஒங்களுக்குத்தான் பயமாச்சே."

"யாரு சொன்னது?"

"எனக்குக் கண்ணாலமான நாள்லேர்ந்து தெரியும். ஒங்க பொண்ணுக்கு ரெண்டாங்கிளாஸ்லேர்ந்து தெரியும்."

வெட்கமாக இருந்தது. ஆனாலும் பிழைத்தோம் என்று ஒரு பெருமூச்சு விட்டார். அது பாதி வருவதற்குள் வேறொரு பயம் வந்துவிட்டது. அவர்கள் இருவரும் காட்டில். அவர் மட்டும் வீட்டில். போனில் சிக்னல் இருக்காது. யானை வந்ததா, வழுக்கி விழுந்தார்களா, ஒன்றும் தெரியாமல் ஏழு நாள் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதுவரை தனக்காகப் பயந்ததெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமேயில்லை.

"நானும் வரேன்!" என்று கத்தினார்.

"அட்டை கடிக்குங்க."

"கடிக்கட்டும்!"

"சந்திராஷ்டமங்க."

"இருந்துட்டுப் போவட்டும்! ஒங்க ரெண்டு பேரயும் அங்க அனுப்பிட்டு என்னால இங்க உக்காந்திருக்க முடியாது. வரேன்னா வரேன்!"

போனுக்குள்ளிருந்து மகள் கைதட்டுகிற சத்தம் கேட்டது. கொளஞ்சியப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மச்சான், நான் அவசரமா வூட்டுக்குப் போயி என் பையக் கட்டணும்" என்றார்.

"ஒங்க பை உள்ளாற இருக்குது மாமா" என்றான் ஸ்ரீதர். "திங்கக்கிழமை அக்கா ரெண்டு பையுந்தான் கொண்டாந்து வெச்சிது."